கைநாட்டு வைத்த தாள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. யாரையும் எழுதச் சொல்லவில்லை, இந்த வருடம் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்ற நானேதான். இந்த இரண்டு வரிக்கே தேநீர் ஆறிப்போய்விட்டது. 'ழ' போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள், திருத்தி அனுப்பாதே.

என்னிடம் நீ விட்டுப்போன உன் மகளுக்கு, நம் சின்னவளுக்கு, கழுத்து வலி குறையவில்லை. இப்போது முதுகும் சேர்ந்துகொண்டது. பதினான்கு வயதில், எழுந்திருக்கும்போது கிழவி மாதிரி முனகுகிறாள். நாற்பது வருடம் கிடங்கில் மூட்டை தூக்கிய நான்கூட அப்படி முனகுவதில்லை. டாக்டர் எலும்பில் ஒன்றும் இல்லை என்றார். "நாள் பூரா உட்கார வச்சிட்டு மாத்திரை கேட்டா எப்படிங்க, ஓடியாட விடுங்க" என்று என்னைத்தான் திட்டினார். பள்ளியில் விளையாட்டு வகுப்பு இருக்குமே என்றேன். "எனக்குக் கிடையாது தாத்தா, நீங்கதானே வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க" என்றாள் சின்னவள். எழுதிக் கொடுத்தேனாம், நான்.

பள்ளி அலுவலகத்தில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன். போன வருடம் அடையாள அட்டைக்கு என்று சொல்லி எழுத்தர் என் கட்டைவிரலை உருட்டிய அதே தாள். மூன்று நாள் எழுத்துக்கூட்டினேன். விளையாட்டு வகுப்பு நேரத்தில் கணக்குத் தேர்வு எழுத 'முழுச் சம்மதம்' என்று இருந்தது. கீழே என் விரல் ரேகை. இவர்களைச் சும்மா விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தத் தாளைப் படித்தேன். ஒரே பக்கம், நாற்பது நிமிடம். ஒரு விளையாட்டு வகுப்பின் நேரம் அது. பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம், உன்னிடம் மறைப்பானேன். வேண்டுமென்றே வரியைத் தவறவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். "குடுங்க பெரியவரே, நான் படிக்கிறேன்" என்று தலைமையாசிரியர் கை நீட்டினார். "வேணாங்க, உங்களை நம்பித்தான் போன தடவை விரலை வச்சேன்" என்றேன். நான் நிற்கும்போது உட்கார முடியாமல் அவரும் நின்றார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "வலிக்குதா சார், நாலு கணக்குப் போடுங்க, சரியாயிடும்" என்றேன். பின்வரிசையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எழுத்துக் கற்ற பலனை அன்றுதான் முழுதாக அனுபவித்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "இதையும் சத்தமா படிங்க" என்றார். கீழே உன் பெயர். 'மைதானத்தில் வீணாகும் நேரத்தில் கணக்குப் போட வையுங்கள். அப்பாவிடம் விவரம் சொல்ல வேண்டாம், அவருக்குப் படிக்கத் தெரியாது.'

சின்னவள் பக்கத்திலேயே நின்றாள். என்ன தாத்தா அது என்று கேட்டாள். எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கும்மா, எனக்குப் படிக்க வரல என்றேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நீ அதை மாற்றி எழுதிக் கொடுத்தால் மறுநாளே அவளை மைதானத்துக்கு அனுப்புவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். எழுது. பள்ளிக்கு வேண்டாம், என் பெயருக்கு அனுப்பு. பதினைந்து நாள் பொறுப்பேன். அதற்குள் வராவிட்டால் பொடி எழுத்தும் எனக்குப் படிக்க வந்துவிடும், சின்னவள் எதிரில், சத்தமாக.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தன் கையால் கையெழுத்திடும்
உன் அப்பா