பறங்கிக் கல்லில் மஞ்சள்

ஐப்பசி 9, புதன்.

நடந்து நடந்து கால் கடுக்கிறது. போர்த்துகீசியர் கடல்வழியாக வந்த கதையைத் துரை தன் பங்களாத் தோட்டத்தில் வெட்டவெளியில் பரப்பி வைத்திருக்கிறார். துருப்பிடித்த நங்கூரம், ஒரு பீரங்கி, கடலுக்குப் பதிலாக வெள்ளை மணல். கடைசியில், அவர்கள் இறங்கிய கரைகளில் நட்டதைப் போல, சிலுவை செதுக்கிய ஆளுயரக் கல். போடியிலிருந்து மலையேறி வந்த வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு இன்று அதையெல்லாம் சுற்றிக் காட்டினார். எஸ்டேட் கணக்குப்பிள்ளை என்பதால் நானும் பின்னாலேயே போனேன்.

கல்லுக்கு மஞ்சள் பூசி, அடியில் ஒரு கை ஏலக்காய் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள் பேச்சி. தேவாரத்திலிருந்து எஸ்டேட் ஏலக்காட்டில் காய் எடுக்க வந்தவள், எங்கள் ஊர்க்காரி. எல்லைச்சாமி என்று நினைத்துவிட்டாள். விருந்தாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேனோ.

அவர்கள் உள்ளே போனதும் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, மகளுக்கு ஆறு நாளா மலைக்காய்ச்சல். கண்ணே தொறக்கல. இந்தச் சாமி கேக்குமா?"

வேடிக்கைக்கு நட்ட கல் என்று சொல்ல வாய் வரவில்லை. "கடல் தாண்டி வந்த சாமி ஆத்தா. கேக்கும், போ" என்றேன்.

சாயங்காலம் துரை கூப்பிட்டு, விடிந்ததும் கல்லைக் கழுவிவிடச் சொன்னார். அந்த வழியாகத்தான் பேச்சி தினமும் காட்டுக்குப் போகிறாள்.

எனக்கு எந்தக் கல்லிலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பிள்ளைக்கு முதலில் காய்ச்சல் விடட்டும். துரை கேட்டால் மறந்துவிட்டேன் என்பேன். ஏச்சு வாங்குவது எனக்கொன்றும் புதிதில்லை.