லிஃப்டில் நின்றபடி போனவர்

நம் பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் பிழைக்க வந்த இந்த ஊரை ஒரே பகலில் பஸ்ஸில் சுற்றிவிடலாம். எங்கும் கட்டடம்தான், வெறும் மண் கண்ணில் படாது. பக்கத்துக் கடைத் தையல்காரர் போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். வீடு இருபதாம் மாடி, லிஃப்டில் படுக்கவைக்க இடமில்லை. நானும் அவர் மச்சானும் தோளில் தாங்கி, நிற்கவைத்தே இறக்கினோம். ஒன்பதாம் மாடியில் ஏறிய ஒரு அம்மா, "பட்டப்பகல்லயே அண்ணனுக்கு இவ்வளவு போதையா?" என்றார்.

"ஆமாங்க, இனிமே தெளியாது" என்றேன்.

அந்தம்மா சிரித்தார். மச்சான் அழுதுவிட்டான்.

இங்கே புதைத்தாலும் ஆறு வருஷத்தில் தோண்டியெடுத்துவிட்டு அடுத்த ஆளை வைப்பார்களாம்.

பயப்படாதே, நான் கல்லு மாதிரி இருக்கிறேன். கொல்லைப்புற மனையை விற்கச் சொல்லியிருந்தேனே, விற்காதே. யார் கேட்டாலும் என்னைக் கைகாட்டு. நான் நீட்டிப் படுக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

கடைக்கு ஆள் வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்