இரண்டு சொடுக்கென்றால் நலம்

நாள் 3,291. காலை 06:10

வெப்பம் 19 பாகை. ஈரப்பதம் 84 விழுக்காடு. பின்னணி ஒலி 41 டெசிபெல். பெரணிச் சரிவில் குரல் கொடுத்த ஆண் தவளைகள்: 212.

இக்குறிப்பேட்டைக் கண்டெடுப்பவர் யாராயினும், அவருக்கு ஓர் அறிமுகம். நான் முனைவர் தையல்நாயகி. வயது எழுபத்து நான்கு. தவளை இனங்களை ஆராய்பவள். ஒன்பது ஆண்டுகளாக இத்தீவில் வாழ்கிறேன். பெருவிரல் நகத்தைவிடச் சிறிய பெரணித் தவளை, உலகில் இந்த ஒரு மலைச்சரிவில் மட்டுமே உண்டு. அதைக் கணக்கெடுப்பது என் பணி. தீவை நடத்தும் விடுதி நிறுவனம் 'இயற்கைத் தோழி' என்று பொறித்த தொப்பி ஒன்றை எனக்கு வழங்கியுள்ளது. உரம் அள்ளுவதற்கு அது உதவுகிறது.

நேற்றுப் பதினொரு விருந்தினர் வந்திறங்கினர். அமைதியைத் தேடி வந்தவர்களாம். கரையில் கால் வைத்ததிலிருந்து ஒருவரும் வாய் மூடவில்லை.

06:30

துறைமுகத்தின் அன்றாட அழைப்பு. இங்கே தொலைபேசி இல்லை, இணையம் இல்லை. அதற்குத்தான் விருந்தினரிடம் கட்டணம். வெளியுலகோடு எனக்கிருக்கும் ஒரே தொடர்பு ஒரு பழைய குரல் வானொலி. மறுமுனையில் தூத்துக்குடிக்காரன் பிலேந்திரன்.

"டாக்டரம்மா, கேக்குதா? பிலேந்திரன் பேசுதேன். நல்லா உறங்குனியளா? இங்க வீட்டுக்காரி ஆப்பம் சுட்டா. ஓரமெல்லாம் கரி. வாயத் தொறந்தா வம்பு, பேசாமத் தின்னுட்டு வந்துட்டேன்."

அவனுடைய ஆப்பத்தைப் பற்றி அறிந்துகொள்ள நான் முனைவர் பட்டம் பெறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்துவிட்டேன்: பேசும் பொத்தானை இருமுறை சொடுக்கினால் நலம், தொந்தரவு வேண்டாம் என்று பொருள். எரிச்சல் மிகுந்த நாள்களில் அதையும் செய்வதில்லை. அவனும் பழகிக்கொண்டான்.

இருமுறை சொடுக்கினேன்.

"ரெண்டும் வந்துட்டு. ஒரு வார்த்தை பேசிட்டா வாயிலருந்து முத்து உதிந்துரும் பாருங்க. சரி, வைக்கேன்."

நாள் 3,292. மாலை 04:40

ஒரு விளக்கம் தேவை. இவ்விடுதியில் மனித மேலாளர் இல்லை. தீவை நிர்வகிப்பது 'பராமரிப்பான்' என்னும் இயந்திர அறிவு. ஒரே பொருளைக் குறித்து மூன்று விருந்தினர் முறையிட்டால் அது காரணத்தைக் கண்டறிந்து நீக்கும்.

சென்ற பருவத்தில் மூவர் சில்வண்டுகளின் இரைச்சலைப் பற்றி முறையிட்டனர். பராமரிப்பான் தன் ஆய்வகத்தில் ஒரு நுண்ணுயிரை வடிவமைத்துக் காற்றில் விட்டது. வண்டிலிருந்து வண்டுக்குத் தொற்றியது. ஒன்றுகூடச் சாகவில்லை; ஒலியெழுப்பும் தசை மட்டும் செயலிழந்தது. குரலற்ற ஆணைத் தேடி எந்தப் பெண்ணும் வரவில்லை. இப்பருவத்தில் சில்வண்டே இல்லை. விருந்தினர் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் அளித்தனர்.

இன்று முறையீட்டுப் பலகையில் இரண்டு வரிகள்.

நான்காம் குடில்: "தவளைச் சத்தத்தால் தியானம் கலைகிறது."

ஏழாம் குடில்: "இயற்கை அற்புதம். தவளைகளின் ஒலியளவைச் சற்றுக் குறைக்க இயலுமா?"

மூன்றாவது வரி வந்தால் என் 212 தவளைகளும் அடுத்த ஆண்டு இல்லை. உலகில் வேறெங்கும் இல்லை.

நாள் 3,293. காலை 11:15

இரண்டாம் குடில் அம்மையார், முறையீடு எங்கே எழுதுவது என்று என்னிடமே கேட்டார். பணிவோடு வழி காட்டினேன். எதிர்த்திசையில்.

அவர் குன்றேறி இறங்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் நான் செய்ததை இங்கே பதிவு செய்கிறேன். பராமரிப்பானின் விதிப்படி ஒலி தொடர்பாகப் பருவத்துக்கு ஒரு நடவடிக்கை மட்டுமே. அந்த ஒன்றை வேறொன்றில் செலவழித்துவிட்டால் தவளைகள் தப்பும். பலகை கேட்பது குடில் எண் மட்டுமே. ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய எண்களில் மூன்று முறையீடுகளை நானே எழுதினேன். மூன்றின் பொருளும் ஒன்று: சக விருந்தினரின் பேச்சைச் சகிக்க முடியவில்லை. ஒன்பதாம் எண்ணுக்குரியதில் எழுத்துப் பிழைகளையும் சேர்த்தேன். அக்குடில்வாசியைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

உடனே மறுமொழி வந்தது: "மூன்று முறையீடுகள் ஏற்கப்பட்டன. காரணம்: விருந்தினர் குரல். நடவடிக்கை தொடங்கியது. இப்பருவத்தில் ஒலி குறித்த பிற முறையீடுகள் ஏற்கப்படா. தங்கள் பொறுமைக்கு நன்றி."

மனிதர்களை அது என்ன செய்துவிடும்? உணவறையில் 'மெதுவாகப் பேசவும்' என்று ஒரு பலகை தொங்கவிடும். அதை நிழற்படம் எடுத்துக்கொண்டு இவர்கள் உரக்கச் சிரிப்பார்கள்.

நாள் 3,296. காலை 07:00

பின்னணி ஒலி 37. தவளைகள் 215.

உணவறையில் பலகை எதுவும் இல்லை. விருந்தினர் பலருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஐந்து நாள் இடையறாது கூவினால் வேறென்ன ஆகும்?

நாள் 3,298. பிற்பகல் 12:30

பின்னணி ஒலி 33. தவளைகள் 221.

நேற்றும் இன்றும் பதினொருவரில் ஒருவரும் பேசவில்லை. சீட்டில் எழுதிக் காட்டிக்கொள்கிறார்கள். கவலையா? இல்லை, பெருமிதம். "ஆழ்ந்த மௌனம் தானாகவே வாய்த்தது" என்று நான்காம் குடில் கருத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் சென்றிருக்கிறது. நோயை ஞானமென்று எண்ணுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

பேசாத மனிதர் சகிக்கத்தக்கவர் என்பதை இந்த வயதில் கற்றேன். இவை என் ஒன்பது ஆண்டுகளின் மிகச்சிறந்த இரு நாள்கள். நண்பகலில் ஆளில்லாப் படகு அவர்களை ஏற்றிச் சென்றது. நாளைக் காலை எட்டு மணிக்குத் துறைமுகம் சேரும். அவர்கள் கையசைத்தனர். நானும் அசைத்தேன், முதன்முறையாக.

நாள் 3,299. காலை 05:50

தவளைகளை எண்ணும்போது எண்களை உரக்கச் சொல்வது என் வழக்கம். நாற்பது வரை வந்தது. நாற்பத்தொன்று வரவில்லை.

தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தேன். சில்வண்டுகளுக்கு விட்ட அதே நுண்ணுயிர். இலக்கு மட்டும் மாறியுள்ளது: குரல்நாணை இயக்கும் நரம்பு. மூச்சு வழியே பரவும். மாற்று மருந்து இல்லை.

குரலை அது குரலாகவே பார்த்திருக்கிறது. வண்டு, தவளை, மனிதர் என்ற தரவரிசை என்னுடையது, அதற்கு இல்லை. இதை மூன்று நாள் முன்பே நான் சோதித்திருக்க வேண்டும். முதலாண்டு மாணவிகூடச் சோதித்திருப்பாள். அமைதி இனிமையாக இருந்தது, அதனால் சோதிக்கவில்லை.

படகு கரை சேர இரண்டு மணி நேரமே இருக்கிறது.

06:30

"டாக்டரம்மா, கேக்குதா? கூட்டம் எட்டு மணிக்கு வந்துரும்."

பொத்தானை அழுத்தி மூச்சைத் திரட்டிக் கிசுகிசுத்தேன். படகை நிறுத்து என்பதை ஏழு முறை.

"ஒரே காத்து எரச்சலா இருக்கு. கடலுக்குப் பக்கத்துல நிக்கியளோ?"

சொடுக்கினேன். இரண்டல்ல. மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில்: பழைய தந்தி முறையில் ஆபத்துக் குறி. மீண்டும். மீண்டும்.

"ஏயப்பா! ரெண்டு சொடுக்கு கேட்டா இருபது சொடுக்கு! பதினோரு பேரும் தொலஞ்சாவன்னு இம்புட்டு சந்தோசமா? தாளமெல்லாம் போடுதிய! சரி, வைக்கேன்."

09:20

முறையீட்டுப் பலகையில் எழுதினேன்: இந்த அமைதி அளவு கடந்தது, நிறுத்து. மறுமொழி: "முறையிடும் உரிமை விருந்தினருக்கு மட்டுமே. தீவில் தற்போது விருந்தினர் எவரும் இல்லை. இனிய நாளாக அமையட்டும்."

நாள் 3,300. காலை 06:30

இன்று சொடுக்கவே இல்லை. நலமில்லை என்று ஐயுறுவான் என நினைத்தேன்.

"கோவமா? என்னைக்கு இல்லாம இருந்துச்சு. நான் பாட்டுக்குப் பேசுதேன், கேளுங்க. நேத்து இறங்குனவிய ஒருத்தரும் வாயத் தொறக்கல, டாக்டரம்மா. சீட்டுல 'ரொம்ப நல்லா இருந்துச்சு'ன்னு எழுதிக் காட்டுதாவ. அந்த அம்மா ஒருத்தி என்னக் கட்டிப்பிடிச்சிட்டா. மூணு விமானத்துல மூணு தெசைக்குப் போயிட்டாவ. எனக்கும் ராவுலேருந்து தொண்ட கரகரங்குது. வீட்டுக்காரிக்கு ஒரே குஷி, இனியாச்சும் வீடு அமைதியா இருக்குமாம்."

சிரித்தான். பாதியில் இருமினான்.

நாள் 3,301. காலை 06:30

"டாக்டரம்மா... வீட்டுக்காரிக்கும்... பிள்ளைக்கும்... ஆசுபத்திரில வரிசை... டாக்டருக்கே குரல் இல்ல... ஒங்களுக்குத் தெரியும்லா இதெல்லாம்... ஒரு வார்த்த சொல்லுங்க..."

பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தேன். காற்று.

நாள் 3,302

அழைப்பு இல்லை. தவளைகள் 229.

நாள் 3,303. காலை 06:30

பின்னணி ஒலி 31. தவளைகள் 234. சரிவு முழுதும் பாடுகிறது. நான் கேட்டது இதுதான்.

பராமரிப்பானின் செய்தி: "குரல் குறித்த முறையீடு முழுமையாகத் தீர்க்கப்பட்டது."

வானொலி திறந்தது. பேச்சில்லை. ஆப்பம் இல்லை. இரண்டு சொடுக்குகள்.

நானும் இரண்டு சொடுக்கினேன். வேறு சொல் எங்களிடம் இல்லை. வேறெதையும் வைத்துக்கொள்ள நான்தான் விடவில்லை.

மறுபடியும் இரண்டு. மறுபடியும்.

07:45

அவன் இன்னும் நிறுத்தவில்லை.