மேடையில் பிரித்த கடிதம்

இரங்கூன், லான்மடாவ்
1926, ஆனித் திங்கள்

அன்பு மகன் நல்லையாவுக்கு,

உன் தாயும் நானும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பீக்கிங்கில் உன்னைத் தொட எந்தச் சட்டத்துக்கும் கையில்லை என்று நீயே எழுதிவிட்டாயே. பெருமக்களே, என் முறையீடு அதுதான்! படிக்கப்போவது ஒருத்தன், பெருமக்கள் எதுக்கு என்கிறாள் உன் தாய். உன் கடிதத்தை ஐந்நூறு பேர் கேட்டாயிற்று, அதனால்தான்.

சென்ற சனி மாலை நம் தெருவில் கூட்டம். தலைமை, தேயிலைக்கடை ஆ லிங். சீன மண்ணில் குற்றம் செய்யும் அயலாரின் வழக்கைச் சீன நடுவர் கேட்கக் கூடாது, அவரவர் நாட்டுத் தூதரே கேட்பார் என்னும் வெட்கங்கெட்ட உடன்படிக்கையைச் சொல்லால் கிழித்துக்கொண்டிருந்தேன். அதை நீக்கலாமா என்று ஆராயப் பீக்கிங்கில் கூடியிருக்கும் வல்லரசுப் பேராளர்கள் சீனச் சிறைகளில் சன்னல்களை எண்ணிவிட்டு விருந்துக்குப் போகிறார்கள் என்றேன். கைதட்டல் போட்டாதாங் துறைவரை கேட்டிருக்கும். அந்த அவையில் தட்டச்சுச் செய்பவன் என் மகன், இதோ இன்று வந்த அவன் கடிதம் என்று உறையை மேடையிலேயே பிரித்து முழங்கினேன். தமிழறிந்த ஆ லிங் வரிக்கு வரி சீனத்தில் சொல்லி வந்தார். மழையில் மெல்லப் போன ரிக்‌ஷாக்காரரை நீ குடைக்கம்பால் மண்டையில் அடித்ததும், ஆங்கில அரசின் குடி நான், உங்கள் மன்றத்துக்கு என்மேல் உரிமையில்லை என்றதும், காவலன் வணங்கி விட்டுவிட்டதும் வந்தன. என் வாய் படித்து முடித்த பிறகே மூளை படித்தது. ஆ லிங் அதையும் ஒன்று விடாமல் சொன்னார். பின்வரிசையில் நம் தெரு அமீர் அலி, மேலே படிங்க அய்யா, தம்பி அப்புறம் என்ன செஞ்சாரு என்று கத்தினான்.

இங்கே ஒரு துரை நம்ம பிள்ளையை அடிச்சுட்டு இப்படிப் போயிருந்தா ஒம்பது மேடை போட்டிருப்பீங்களே என்றாள் உன் தாய். ஆ லிங் கடை வழியாக நடப்பதையே விட்டேன். அவரோ வழக்கமான தேயிலையை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.

ஆகவே, இதைக் கண்ட அன்றே அந்த மனிதரைத் தேடு. காயத்தைப் பார், பெயரைக் கேள். உன் கடிதத்தில் அவருக்குப் பெயரே இல்லை. அவரோடு சீன நடுவர்முன் நின்று, அடித்தேன் என்று சொல். உன் வழக்கைக் கேட்க உரிமையில்லை என்று நடுவர் சொன்னால், அதை எழுத்தில் வாங்கிப் பேராளர்களின் மேசையில் வை. வேலை போனால் கப்பலேறு. இங்கே சோறு உண்டு. சளிக்கு மிளகு போட்டுக்கொள் என்கிறாள் தாய். நீடு வாழ்க, நேராக வாழ்க.

ஆவணிக் கடைசிச் சனி மறுகூட்டம். உன் மறுமொழியையும் மேடையில்தான் பிரிப்பேன். முன்னதாகப் படிக்க மாட்டேன். எழு, போ!

அன்பு குறையாத, நாணம் மிகுந்த தந்தை,
இராமையா