எட்டாம் வகுப்பின் இரண்டு வாசல்கள்

இன்று வீரமுனைக்கு, உன் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னாலிருக்கும் கடையில் தண்ணீர் வாங்க நின்றேன். பக்கத்தில் நின்றவர் இஞ்சி டொபி கேட்டார். கடைக்காரர் போத்தல் மூடியைத் திறந்ததும் அந்தக் கார வாசம் வந்தது. பயிற்சிக்கு வந்த முதல் வாரங்களில் நாம் இரண்டு பேரும் வகுப்பில் கத்திக் கத்திக் குரல் போய், இதே கடையில் அந்த டொபியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவோம். நீ வீரமுனைப் பக்கம், நான் மருதமுனைப் பக்கம். தண்ணீரை மறந்துவிட்டு நடந்தேன்.

கல்வியியற் கல்லூரியில் 'வகுப்பறை முகாமைத்துவம்' என்று நமக்கு ஒரு பாடம் இருந்தது. இருவரும் நல்ல புள்ளி எடுத்தோம். பிறகு கற்பித்தல் பயிற்சிக்கு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு நீள மண்டபம், நடுவில் பலகைத் தட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசல். தட்டிக்கு அந்தப் பக்கம் உன்னுடைய எட்டு ஏ, இந்தப் பக்கம் என்னுடைய எட்டு பீ.

என் வகுப்பு முனகும். வாயைத் திறக்காமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல் முனகுவார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் தொடங்கும். திரும்பிப் பார்த்தால் எல்லா உதடும் மூடியிருக்கும். யாரைப் பிடிப்பது? விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்த அன்றும் முனகினார்கள். பாடத்தைப் பாதியில் நிறுத்தி, "தயவுசெய்து" என்றேன். கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒருவன் அந்தச் சொல்லை என் குரலிலேயே திருப்பிச் சொன்னான். வகுப்பே சிரித்தது. விரிவுரையாளர் குனிந்து எதையோ எழுதினார்.

பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போது உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய்.

"என்ட வகுப்பில ஆடு மாதிரிக் கத்துறாங்க கா. உனக்கு மனுசக் குரலாவது கிடைச்சிருக்கு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் உனக்கு உறைக்கவே இல்லை என்று நினைத்தேன். நான் வீட்டில் உம்மாவோடு கூடக் கதைக்காமல் படுத்துக்கிடந்த நாட்கள் அவை. உன்மீது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பிறகு ஒரு கட்டத்தில் தட்டிக்கு அப்பாலிருந்து ஆட்டுச் சத்தம் வருவது நின்றுபோனது. ஒருநாள் இடைவேளை முடிந்து மணி அடித்ததும் வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். நீ உள்ளே போகவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றாய். வியர்வையோடு ஓடி வந்த பிள்ளைகள் உன்முன் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லி ஏதாவது ஒன்று கேட்டாய். "உம்மாக்குக் காய்ச்சல் சுகமா?" "துலைச்ச கொப்பி கிடைச்சிட்டா?" பதில் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டாய். கடைசிப் பிள்ளை போகும்போது முதலில் போனவர்கள் புத்தகத்தைத் திறந்திருந்தார்கள்.

"இத எங்க புள்ள படிச்ச?" என்று கேட்டேன்.

"எங்கட அப்பா வயலுக்குத் தண்ணி கட்டக்குள்ள வக்கடையிலதான் நிப்பார். வரம்பில வெட்டின அந்த வாயில மறிச்சாத்தான் உண்டு. வயலுக்குள்ள பாஞ்ச தண்ணிய மறிக்க ஏலா கா."

நானும் என் வாசலில் நிற்கத் தொடங்கினேன். பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னேன். சிரித்தார்கள். திருத்தினார்கள். மெல்ல மெல்ல ஒரு பாடவேளையில் பாதியாவது முனகல் இல்லாமல் போனது. அந்த அரைப் பாடவேளையைப் பற்றி நான் சொன்னபோது, நடுத்தெருவில் நின்று என் இரண்டு கையையும் பிடித்து ஆட்டினாய்.

அந்த வாரம்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். பிறகு மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள். நான் உன்னைப் பார்க்க வரவிருந்த நாளில், காலைக் கூட்டம் முடிந்ததும் அதிபர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் புள்ள போயிட்டா, டீச்சர்" என்றார்.

உம்மாவும் நானும் வீரமுனைக்கு வந்தோம். உன் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

உனக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. தட்டியைக் கழற்றிவிட்டு இரண்டு வகுப்பையும் எனக்குத் தந்தார்கள். முதல் நாள் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பிள்ளைகளும் மேசையைப் பார்த்தபடி இருந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த அதிபர் நின்று பார்த்துவிட்டு, "இப்பதான் நீங்க வகுப்பப் பிடிச்சிருக்கீங்க, டீச்சர்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. நீ இல்லை என்பதால் வந்த அமைதி அது. என்னால் வந்ததல்ல.

அதுவும் நிலைக்கவில்லை. முனகல் திரும்பி வந்தது, ஆட்டுச் சத்தமும் சேர்ந்து வந்தது. நான் என் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, உன் வாசலால் மற்றப் பாதி உள்ளே பாய்ந்துவிடும். ஒருநாள் உன் வாசலில் போய் நின்றேன். உன் வகுப்புச் சிறுமி ஒருத்தி கிட்ட வந்து, மரியாதையாக, மெல்லிய குரலில் சொன்னாள்:

"டீச்சர், இதில நிக்க வாணாம். இது எங்கட டீச்சர்ட இடம்."

அதற்குப் பிறகு நான் எந்த வாசலிலும் நிற்கவில்லை. மணி அடித்ததும் உள்ளே போய், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் வந்து முடியும்வரை நிற்கிறேன். விரிவுரையாளர் இரண்டாம் முறை வந்து பார்த்துவிட்டு, "முன்னுக்கு வந்துகொண்டிருந்தீங்க, என்ன நடந்த?" என்று கேட்டார்.

இன்று உன் அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு அதையேதான் வேறு மாதிரிக் கேட்டார்.

"பிள்ளையள் சொல்லுக் கேக்குதுகளா மகள்?"

"இல்லம்மா."

வெறும் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"இவளும் என்ன பாடுபட்டவள். விடியக்குள்ள ஒரு வாய் புட்டு இறங்காது. வயித்தப் புரட்டுது எண்டு கிணத்தடியில குந்தி இருப்பாள். மறுகா முகத்தக் கழுவிட்டுப் போவாள்."

"தொடக்கத்திலயா அம்மா?"

"கடைசி வரைக்கும்தான். காய்ச்சல் வந்த அண்டைக்கும் நான் பயத்தில எண்டுதான் நினைச்சன்."

நீ எனக்கு இதைச் சொல்லவே இல்லை. வாசலில் நின்று பிள்ளைகளிடம் சுகம் விசாரித்தபோதும், என் கையைப் பிடித்து ஆட்டியபோதும், நீ வெறும் வயிற்றோடுதான் நின்றிருக்கிறாய். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இது எனக்குத் தைரியம் தருமா என்று பார்த்தேன். தரவில்லை. நீ இருந்து, உன் வாயால் சொல்லியிருந்தால் தந்திருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கிணற்றடி மட்டும்தான், நான் கண்ணால் காணாத கிணற்றடி.

நாளைக்குத் திங்கட்கிழமை. எனக்கும் புட்டு இறங்காது. முகத்தைக் கழுவிக்கொண்டு போவேன்.