கரையில் போட்ட சவறு

ரப்பர் இலை எரியும் வாசனை. மேல் தோட்டத்தில் யாரோ கூட்டிக் கொளுத்துகிறார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். குளத்தின் பக்கம் இல்லை. அதன் பிறகுதான் உன்னை நினைத்தேன். இந்த வரிசை உனக்குப் பிடித்திருக்கும்.

ஐப்பசி மழை இம்முறையும் பாதியில் நின்றுவிட்டது. மாசிக்கு முன்பே படிக்கட்டின் கடைசிக் கல் தெரிகிறது.

உன் வீட்டுக் குளம். கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் இருந்தபோது, நாம் இருவரும் சேர்ந்து அதில் மீன் விட்டோம். அந்த ஆண்டும் வறட்சி. களிமண் கரை வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீர் கசிந்தது. ரப்பர் இலை உதிரும் காலம். தோட்டத்தில் கிடந்த சவறை, அந்தக் காய்ந்த இலைகளை, கூடை கூடையாக அள்ளிவந்து, வெயில் படாமலிருக்கக் கரை முழுக்கப் பரப்பினோம்.

“ஏட்டி, குளத்துக்குப் போர்வை போத்தியாச்சு. இனி மீனுக்குச் சளி பிடிக்காது” என்றாய்.

கசிவு நின்றது. நமக்குத் திருப்தி.

பிறகு ஒரு மத்தியானம். மலையில் பிடித்த தீ தோட்டத்துக்குள் இறங்கி, தரையோடு ஊர்ந்து வந்து நம் சவறில் ஏறியது. கரையைச் சுற்றி ஓடியது. மோட்டாரைப் போட்டோம். கரைமேல் கிடந்த குழாய் அதற்குள் உருகியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வாளியால் வீசினோம்.

“வெந்தா மீனோட சேந்துதான் வேவோம். உப்புதான் போடல்ல” என்றாய், இருமிக்கொண்டே.

நான் அடுத்த வாளியை மொண்டேன்.

ஆட்கள் வந்து பச்சைக் கிளைகளால் அடித்து அணைத்தார்கள். சாம்பல் எல்லாம் குளத்தில். மறுநாள் மீன்கள் வெள்ளையாக மிதந்தன. அவற்றைப் புதைக்கத் தென்னை மரத்து மூட்டில் குழி வெட்டினாய். “தண்ணியக் காக்கப் போயி…” என்று தொடங்கினாய். முடிக்கவில்லை.

பிறகு உனக்கு நோய் வந்தது. தீக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார் மருத்துவர். கேட்டது நான்தான்.

குளத்தை உன் அப்பா என்னிடம் விட்டிருக்கிறார். மீன் விட்டிருக்கிறேன், முன்பைவிடக் குறைவாக. நேற்று மேல் தோட்டத்து அண்ணாச்சி கரையில் வந்து நின்றார்.

“மக்ளே, கரை வெடிச்சுக் கெடக்குல்லா. சவறு போடல்லியா? தண்ணி வத்தி மீனு சாவும், பாத்துக்கோ.”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“அவ இருந்தா இந்நேரம் போட்டிருப்பா.”

“இருந்தா போட மாட்டா.”

அவர் மலையைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

குளத்துச் சேற்றை அள்ளி வெடிப்புகளில் பூசுகிறேன். காய்ந்து மறுபடி வெடிக்கிறது. மறுபடி பூசுகிறேன். கொஞ்சம் தண்ணீர் போகத்தான் செய்கிறது. அடுத்த மழைவரை மீன் தாங்குமா, தெரியவில்லை.

கரையில் இப்போது எதுவும் கிடப்பதில்லை. வேலை முடிந்ததும் குழாயைச் சுருட்டித் தோளில் போட்டு, படியிறங்கி, தண்ணீருக்குள் தாழ்த்தி வைக்கிறேன். காலையில் எடுக்கும்போது உள்ளே பாதி தண்ணீரோடு கனக்கிறது. இடது தோள் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கிறது.