பேய்ப்படம் பார்த்த மத்தியானங்கள்

அக்கா,

இன்று பரிசோதனைக்காக வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். இரண்டாம் மாடியில் அந்தக் கிருமிநாசினி வாசம் மூக்கில் ஏறியதும் கால் தானாக நம்முடைய அறைப்பக்கம் திரும்பிவிட்டது. ஜன்னலோரம், உங்கள் கட்டிலில் ஒரு பெரியவர் நித்திரையாக இருந்தார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கிழமையில் மூன்று மத்தியானம், நாலு நாலு மணித்தியாலம், இயந்திரம் நம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும்வரை அங்கே கிடந்தோம். முதல் கிழமை நான் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் நீங்கள். உங்கள் இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டினீர்கள். சின்னத் திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு கோட்டை. சவப்பெட்டியைத் திறந்துகொண்டு எழும்பினான் ஒரு பிரபு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜேர்மனிக்கு வந்த புதிதில் ஒரு சினிமாக் கொட்டகையில் துப்புரவு வேலை செய்தீர்களாம். அங்கே ஞாயிறு பகலில் ஓடிய பழைய ஹொலிவூட் பேய்ப்படங்களின் ஜேர்மன் குரல்களைக் கேட்டே மொழி பழகினீர்களாம். அதனால்தானோ என்னவோ, தாதியிடம் போர்வை கேட்பதென்றாலும் கோட்டைச் சீமாட்டி மாதிரிக் கேட்பீர்கள். அவளும் குனிந்து வணங்கிவிட்டுக் கொண்டுவருவாள்.

இரண்டாம் வருடம், சிறுநீரக மாற்றுக்கான படிவத்தை வைத்தியர் என்னிடம் தந்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தவள் ஒரு மாதமாக எடுக்கவேயில்லை. செத்துப்போன யாரோ ஒருவரின் உறுப்பை எனக்குள் வைத்துத் தைப்பதை நினைக்கவே உடம்பு கூசியது. அதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

அடுத்த முறை நீங்கள் போட்டது, பிணங்களின் உறுப்புகளைத் தைத்து ஒரு விஞ்ஞானி உருவாக்கிய மனிதனின் கதை. எனக்குக் கோபம் வந்தது. இயர்போனைக் கழற்றப் போனபோது கையைப் பிடித்தீர்கள்.

"முழுக்கப் பாரும். அதின்ரை உடம்பிலை ஒரு பிழையும் இல்லை. உண்டாக்கினவன் விட்டிட்டு ஓடினான், ஊர் துரத்தினது. அதுதான் பிழை. உமக்கு ஒருத்தர் தந்தால் நீர் அதை விட்டிட்டு ஓடுவீரோ?"

"இல்லை அக்கா."

"அப்ப கையெழுத்தைப் போடும்."

தாதியிடம் பேனை வாங்கித் தந்ததும் நீங்கள்தான். ஊசி ஏறாத கையால் கோணல்மாணலாகக் கையெழுத்திட்டேன்.

அடுத்த மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் உங்கள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: உங்கள் இதயம் பலவீனமாம், அந்தச் சத்திரசிகிச்சை உங்களுக்கு ஏலாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்களாம். உங்களுக்குக் கிடைக்காத ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லித்தானா என்னோடு அவ்வளவு மல்லுக்கட்டினீர்கள்? ஒருநாள்கூட முகத்தில் காட்டவில்லையே. அன்று வீடு திரும்பும் ரயிலில் யார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து, சிறுநீரகம் கிடைத்துவிட்டதென்று எனக்கு அழைப்பு வந்தது. மயக்கம் தெளிந்ததும் வயிற்றுக் கட்டின்மேல் மெல்லக் கையை வைத்துப் பார்த்தேன். கூச்சம் வரவில்லை. "வாங்கோ," என்றேன். பக்கத்தில் நின்ற தாதிக்கு விளங்கவில்லை.

இன்று எல்லாம் நன்றாக இருப்பதாக வைத்தியர் சொன்னார். எனக்குத் தந்தவர் யார் என்று தெரியாது. இங்கே சொல்லவும் மாட்டார்கள். அவருக்கு நன்றி சொல்லக் கண்ணை மூடினால், அக்கா, உங்கள் முகம்தான் வருகிறது.